மோதிரம் பார்த்த கருப்பை வாய்

பிரசவ வார்டின் வராந்தாவில் அலைமோதிய கூட்டம் டாக்டரைப் பார்க்க வந்ததல்ல. மோதிரக்காரரைப் பார்க்க வந்தது. நூலில் கட்டிய மோதிரத்தை வயிற்றுக்கு மேலே பிடிப்பார். சுற்றினால் கருப்பையின் வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம், வலி வரவழைக்கும் மருந்தை ஏற்றலாம். அசையாமல் நின்றால் பொறுக்க வேண்டும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லையாம். உறவுக்காரர்கள் அவர் பையில் நோட்டைத் திணித்துக் கும்பிட்டார்கள்.

அவர் புகழைப் பரப்பியவர் வேறு யாருமில்லை, வார்டின் தலைமை மருத்துவச்சியேதான். கையுறை மாட்டிக் கருப்பை வாயைத் தொட்டுப் பார்ப்பார்: மெத்தென்று இளகியிருக்கிறதா, எவ்வளவு விரிந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. எல்லாம் விரல் நுனியில் தெரிந்துவிடும். ஆனாலும் மோதிரமும் அதையே சொன்ன பிறகுதான் அம்மையாருக்கு நிம்மதி. "நான் தொட்டுச் சொல்றத அவரு தொடாமலே சொல்றாரு" என்று மெய்சிலிர்ப்பார். படித்தவர் அல்லவா, ஏமாறுவதையும் முறைப்படி செய்தார்.

அன்று கட்டிலில் கிடந்தது அவருடைய சொந்தத் தங்கை. டாக்டர் சொன்ன தேதி தாண்டிவிட்டது. மருந்து ஏற்றுவதா, காத்திருப்பதா என்று மோதிரமே சொல்லட்டும் என்றாள் தங்கையின் மாமியார். மருத்துவச்சி சோதித்தார். கருப்பை வாய் கெட்டியாக, மூடியபடி இருந்தது. இப்போதே மருந்தை ஏற்றினால் தங்கை வீணாகத் துடித்து, கடைசியில் ஆபரேஷனில் போய் முடியலாம்.

"அக்கா, அவரு உள்ள வர்றதுக்கு முன்னாடி உங்கிட்ட ஏதாவது கேப்பாரா?"

"'எப்படி இருக்கு சிஸ்டர்'னு ஒரு மரியாதைக்குக் கேப்பாரு."

"நீ சொல்லுவியா?"

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த மருத்துவச்சி பாதியில் நிறுத்தினார். ஒன்று விடாமல் ஒப்பிப்பாரே.

"இன்னைக்கு மாத்திச் சொல்லிப் பாரு."

வாசலில் மோதிரக்காரர் வழக்கம்போல விசாரித்தார்.

"நல்லா இளகி விரிஞ்சிருக்குங்க ஐயா" என்றார் மருத்துவச்சி.

உள்ளே மோதிரம் பம்பரமாய்ச் சுற்றியது. "வாசல் திறந்தாச்சு. உடனே மருந்த ஏத்துங்க."

மருத்துவச்சி டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரம்மா சோதித்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் மூடித்தான் இருக்கு. குழந்தை நல்லா இருக்கு, அவசரமே இல்ல."

மோதிரம் நின்றது. மோதிரக்காரர் நிற்கவில்லை, வெளியே போகும் வழியைத் தேடினார்.

"அப்ப இத்தனை நாளும் பலிச்சது?" என்றாள் மாமியார்.

"அது என் விரல் சொன்னதுங்க. நான் சொன்னதையே அவருகிட்ட திரும்பக் கேட்டுக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." மருத்துவச்சிக்கு வெட்கத்திலும் சிரிப்பு வந்தது.

தங்கை வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இனிமே விரல் சொல்றத மோதிரத்துக்குச் சொல்லாதக்கா. மூளைக்குச் சொல்லு. அதுவும் உன் உடம்புலதான் இருக்கு."