கொலையில்லா வேலிமேடு

கொல்லாமையைப் புத்தர் போதித்தார். அதை நடைமுறைப்படுத்திக் காட்டியவர் வேலிமேடு காவல் நிலைய இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன். புத்தருக்கு ஓர் ஆயுள் போதவில்லை. ஆதிகேசவனுக்கு ஒரு பேனா போதுமானதாக இருந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயல்களை மேடாக்கித் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. அக்கம்பக்கத்துக் காவல் நிலையங்களில் ஆண்டுக்கு நாலைந்து கொலைகளாவது பதிவாகும். வேலிமேட்டில் மட்டும், ஆதிகேசவன் பொறுப்பேற்ற நாள் முதல் கொலையே கிடையாது. நடந்ததெல்லாம் "வயிற்றுவலி தாங்காமல் தற்கொலை". இந்த அரிய சாதனைக்காக மாவட்டத்தின் "குற்றமற்ற காவல் நிலையம்" சுழற்கேடயம் இரண்டு ஆண்டுகளாகச் சுழலாமல் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாம் முறையும் வாங்கிவிட்டால் டி.எஸ்.பி. பதவி நிச்சயம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி ஜானகியம்மாள் காய்கறிக்காரியிடம் இப்போதே டி.எஸ்.பி. வீட்டம்மாவாகத்தான் பேரம் பேசினாள்.

இந்த நல்ல நேரம் பார்த்து மணவாளன் செத்துப்போனார். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையின் வாட்ச்மேன். காலையில் சித்தாள்கள் வந்து பார்த்தபோது கயிற்றுக் கட்டிலில் மண்டை பிளந்து கிடந்தார். ஆதிகேசவன் நேரில் சென்று, பிணத்தைச் சுற்றிவந்து, ஆழ்ந்து யோசித்து, "வயிற்றுவலி" என்றார்.

மணவாளனின் மனைவி கனகாம்பாள் மறுநாளே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

"இன்னா சார் இது? தலையில இம்மாம் பெரிய ஓட்டை கீது. வயித்து வலின்னு எழுதிக்கிறியே?"

"வலி வயித்துலதாம்மா வந்தது. தாங்க முடியாம தலையச் செவுத்துல மோதிக்கினாரு."

"அவுரு படுத்துகினு இருந்த எடத்துல செவுரே இல்ல சார். இன்னும் கட்டவே இல்ல."

"பாவம், செவுரு தேடி எம்மாம் தூரம் அலைஞ்சாரோ!" என்றார் ஆதிகேசவன் கனிவோடு.

கனகாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்ல இன்னா பேசறாங்க தெரியுமா சார்? பொண்டாட்டி குடுத்த பேஜாரு தாங்காமத்தான் மனுசன் உயிர வுட்டுட்டான்றாங்க. நல்லது கெட்டதுக்கு என்னை ஒருத்தரும் கூப்புடறதில்ல. எம் புருசன் அவுராச் சாவல சார், எவனோ கொன்னுட்டான். அத மட்டும் எழுதிக் குடு சார், போதும்."

கேட்டது நியாயம் என்று ஆதிகேசவனுக்கும் தெரியத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் மானத்துக்காக ஒரு நிலையத்தின் கேடயத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

அடுத்து, சோழவரத்திலிருந்து செங்கல் ஏற்றிவந்த லாரியின் அடியில் தூங்கிய கிளீனர். அதற்கடுத்து, திருப்பாச்சூர் கோயிலுக்கு நடந்துபோகும் வழியில் புளியமரத்தடியில் படுத்த பரதேசி. இருவருக்கும் தூக்கத்தில் அதே இடத்தில் அதே பிளவு. இவ்வளவு பேருக்கு வயிற்றுவலி வந்தால் பொறுப்புள்ள அதிகாரி சும்மா இருப்பாரா? இப்பகுதித் தண்ணீரைப் பரிசோதிக்கும்படி சுகாதாரத் துறைக்கு எழுதினார். அவர்களும் ஆள் அனுப்பி ஊருக்கே காலரா ஊசி போட்டுவிட்டுப் போனார்கள். கனகாம்பாளுக்கும் ஒன்று விழுந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் காலை, கண்கள் சிவந்த ஒல்லி மனிதன் ஒருவன் துண்டில் சுற்றிய கடப்பாரையோடு ஸ்டேஷன் படியேறி வந்தான்.

"வணக்கம் சார். என் பேரு சடையப்பன். மூணு பேரையும் நாந்தான் சார் அடிச்சேன்."

"எந்த மூணு பேர?"

"வாட்ச்மேனு, கிளீனரு, சாமியாரு. நைட் ஷிப்டு வேலைக்குப் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே வர்றதில்ல சார். எவனாவது நிம்மதியா கொறட்டை வுட்டான்னா கை சும்மா இருக்க மாட்டேன்னுது. என்னைப் புடிச்சி உள்ள போட்டுடு சார். இல்லாங்காட்டி திரும்பச் செஞ்சிடுவேன்."

ஹெட் கான்ஸ்டபிள் முனுசாமி கைவிலங்கை எடுத்தே விட்டார். ஆதிகேசவன் கண்ணாலேயே அதைத் திரும்ப மாட்டவைத்தார். கேடய விழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. பந்தல்காரனுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

"இதோ பாரு சடையப்பா. இந்த எல்லையில கொலையே நடக்கல. நடக்காத கொலைய நீ எப்படிய்யா பண்ணியிருக்க முடியும்?"

"கடப்பாரையில ரத்தம் கீது பாரு சார்."

"துரு."

"முடிகூட ஒட்டிக்கினு கீது சார்."

ஆதிகேசவன் கடப்பாரையை வாங்கினார். ஸ்டேஷன் துணியால் தாமே சுத்தமாகத் துடைத்தார். பிறர் பொருளுக்கு ஆசைப்படாத நேர்மையாளர் என்பதால் அதை அவனிடமே திருப்பிக் கொடுத்து, போலீசாரின் பொன்னான நேரத்தை வீணடித்ததற்காகக் கண்டித்து அனுப்பினார். வழக்கம்போல் வாசலில் வந்து நின்றிருந்த கனகாம்பாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"ஐயோ, அவன வுட்டுடாத சார்! அவன் வாயாலயே சொல்றானே!"

"பைத்தியம்மா அவன்."

அவள் சாலைக்கு ஓடுவதற்குள் அவன் பஸ் ஏறிவிட்டான். சொன்ன சொல் தவறாதவன் சடையப்பன். அந்த மாதத்துக்குள் அத்திப்பட்டு உப்பளத்துக் கூலி முனிகிருஷ்ணனும், பழவேற்காட்டிலிருந்து கருவாடு விற்க வந்து மரநிழலில் கண்ணயர்ந்த குப்பாயியும் "வயிற்றுவலி"க்குப் பலியானார்கள். குப்பாயி வாராவாரம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு நல்ல கருவாடாகப் பொறுக்கிக் கொடுத்தவள். அவளைப் பார்த்தபோது ஆதிகேசவன் தொப்பியைக் கழற்றினார். பேனாவும் கொஞ்சம் தயங்கியது. பிறகு எழுதியது.

கனகாம்பாள் அதற்கப்புறம் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. குப்பாயியின் உறவுக்காரப் பெண்களைப் பார்க்கப் பழவேற்காட்டுக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து ஒரு நண்பகலில், ஆளில்லாத வேலிமேடு ரயில் பிளாட்பாரத்தில் முக்காடு போட்டுப் படுத்துக் குறட்டை விட்டாள். மணவாளன் எப்படி விடுவாரோ அப்படியே, ஏற்ற இறக்கம் மாறாமல் விட்டாள். விடும்போதே அவளுக்கு அழுகை வந்தது. இப்படியே இரண்டு பகல் போயிற்று. மூன்றாம் நாள் கடப்பாரை வந்தது. அது மேலே ஓங்குவதற்குள், மீன்கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் வலையை வீசிவிட்டார்கள்.

"நல்லா இறுக்கிக் கட்டும்மா," என்றான் சடையப்பன், நன்றியோடு.

வலையோடு தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தால், அங்கே பந்தல், வாழைமரம், நாயனம். மாவட்ட எஸ்.பி. அப்போதுதான் கேடயத்தை ஆதிகேசவன் கையில் கொடுத்திருந்தார். இருவர் காலடியிலும் வலை வந்து விழுந்தது.

"அஞ்சு கொலை பண்ணவன் சாமி!" என்று கத்தினாள் கனகாம்பாள். "நாங்க புடிச்சாந்துகிறோம்!"

"என்ன ஆதிகேசவன், இங்கதான் கொலையே கிடையாதே?" என்றார் எஸ்.பி.

வேறொருவராக இருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஆதிகேசவன் கேடயத்தை இடுக்கிக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"ரகசிய வேட்டை சார். குற்றவாளி உஷாராகிவிடக் கூடாது என்றுதான் ஐந்தையும் வயிற்றுவலி என்று எழுதிவைத்தோம்."

எஸ்.பி. கட்டிப்பிடித்துப் பாராட்டினார். கொலையே நடக்காததற்குக் கேடயம், ஐந்து கொலைகளைத் துப்புத் துலக்கியதற்குப் பதக்கம் என்று இரண்டையும் ஒரே ஆண்டில் பெற்ற அதிகாரி வேறு யாராவது உண்டா? டி.எஸ்.பி. பதவியும் வந்தது. கனகாம்பாளுக்கு மீன்காரப் பெண்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. முன்வரிசையில் பதக்கம் மின்ன டி.எஸ்.பி. ஆதிகேசவன் உட்கார்ந்திருந்தார். பின்னால் கனகாம்பாள் நின்றிருந்தாள். தன் புருஷன் பெயருக்கு நேராகக் "கொலை" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்க வந்திருந்தாள்.

"இந்த ஐந்து கொலைகளையும் செய்தது நீதானா?" என்று கேட்டார் நீதிபதி.

சடையப்பன் பணிவாகக் கும்பிட்டான்.

"மொத மூணும் நான் பண்ணது சாமி, மணவாளனையும் சேத்து. அப்பாலதான் ஸ்டேஷனுக்குப் போயி என்னப் புடிச்சிப் போடுன்னு கெஞ்சினேன். ஐயாதான் கடப்பாரையத் தொடச்சி என் கையில குடுத்து அனுப்பிச்சாரு. மீதி ரெண்டு கொலையும் அவுரு பண்ணது."