கேப் மே கடற்கரையில் ஒரு கிழக்கு வாசல்

அமெரிக்காவுக்கு வந்த தமிழர்களிலேயே திசை தெரிந்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் வாஸ்து அங்கிள்தான். மற்றவர்களெல்லாம் கிரீன் கார்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவர் மட்டும் சட்டைப் பையில் திசைகாட்டி வைத்திருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பல்லடத்தில் மூட்டை தூக்கியவன், அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் ஓக் ட்ரீ ரோட்டில் சொந்தமாக மளிகைக் கடை போட்டேன். டாக்டர், இன்ஜினியர், பிஎச்டி என்று எல்லாரும் என் கடையில் கறிவேப்பிலைக்கு வரிசையில் நின்றவர்கள். அதனால் படித்தவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவர்களுக்கே தெரியாது. வாஸ்து அங்கிளும் படித்தவர்தான். பாலம் கட்டுகிற இன்ஜினியர். அவர் கட்டிய பாலங்கள் எல்லாம் இன்றைக்கும் நிற்கின்றன; அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைக்குள் நுழைந்தால் முதலில் திசைகாட்டியை எடுப்பார், அப்புறம்தான் கூடையை எடுப்பார்.

"கடைக்காரரே, கல்லா தெக்க பாக்குது. வடக்க திருப்புங்க, குபேரன் வருவாரு."

"சார், குபேரன் வந்தாலும் வரிசையிலதான் நிக்கணும். பின்னாடி ஆளு நிக்குது, நகருங்க."

ஆபீசில் அவர் மேஜையைக் கிழக்கே திருப்பிப் போட்டார். கிழக்கில் இருந்தது வெறும் சுவர். வருகிறவர்கள் எல்லாம் அவர் முதுகைத்தான் பார்த்தார்கள். அவருடைய பாஸ், இந்த மனிதர் தலையைத் திருப்பாமல் வேலை செய்கிறாரே என்று அசந்துபோய்ப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா?

ஆனால் அவருக்கு ஒரு தீராத குறை இருந்தது. அவர் வாங்கிய டவுன்ஹவுஸ் தெற்கு வாசல். அடுப்பு இருக்க வேண்டிய அக்னி மூலையில் பாத்ரூம். இடித்துக் கட்டலாம் என்றால் இரண்டு பக்கமும் ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம். அவர் மகள் நித்யாவுக்கு வரன் தள்ளிப் போவதற்கும் அந்த வாசல்தான் காரணம் என்று அவர் சாதித்தார். உண்மைக் காரணம் எடிசனுக்கே தெரியும். பெண் பார்க்க வந்தவர்களிடம் இவர் ஜாதகம் கேட்க மாட்டார். "உங்க ஊட்டு மாடிப்படி எந்த மூலைங்க?" என்று கேட்பார். மூலையைச் சொன்னால், "ஐயையோ, அதான் உங்களுக்கு சுகர்" என்பார். வந்தவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு பழைய டிரெய்லரை வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. உள்ளே அடுப்பு, படுக்கை, மேஜை, சோபா எல்லாம் உண்டு. கோடை வந்தால் அமெரிக்கர்கள் அதை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். இவர் அதை வாங்கியது கடலுக்காக இல்லை.

"கடைக்காரரே, யோசிச்சுப் பாருங்க. உலகத்துலயே திருப்பி வைக்கக்கூடிய வீடு இது ஒண்ணுதான்!"

அந்தக் கோடையிலிருந்து எங்கள் ஸ்டேட்டின் தென்கோடியில் இருக்கிற கேப் மே அவருக்கு இரண்டாவது ஊர் ஆனது. அது பழைய காலத்துக் கடற்கரை ஊர். கல்யாண கேக் மாதிரி வண்ணம் பூசிய மர மாளிகைகள், குதிரை வண்டி, கலங்கரை விளக்கம். அமெரிக்கர்கள் அவற்றைப் போட்டோ எடுப்பார்கள். நம் ஆள் ஒவ்வொரு மாளிகையின் வாசலிலும் நின்று திசைகாட்டியைப் பார்த்து, "பாவம், தென்மேக்குல கெணறு" என்று உச்சுக் கொட்டுவார்.

அங்கே டிரெய்லர் நிறுத்துகிற கேம்ப் கிரவுண்டுக்கு டோரத்தி என்று ஒரு அம்மா மேனேஜர். எல்லா டிரெய்லரும் காரில் மாட்டுகிற இரும்பு மூக்கு தெற்கே, வாசல் மேற்கே என்று ராணுவம் போல நிற்க வேண்டும் என்பது அவள் சட்டம். தண்ணீர்க் குழாய், கரண்டுப் பெட்டி எல்லாம் அதற்குத் தக்கபடிதான் இருந்தன. வாஸ்து அங்கிள் மட்டும் தலைகீழாகத் திருப்பி, மூக்கு வடக்கே, வாசல் கிழக்கே என்று நிறுத்தினார். குழாய் எட்டவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஹோஸ் வாங்கி டிரெய்லரைச் சுற்றி மலைப்பாம்பு மாதிரி விட்டார். டோரத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டபோது "ரிலிஜன்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அமெரிக்காவில் அந்த வார்த்தைக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றுகிற கார்த்திக் என்ற பையன் கலிபோர்னியாவில் இருந்தான். பெற்றோர் பிலடெல்பியாவில். அப்பா டாக்டர். நல்ல இடம். நித்யா அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"திஸ் இஸ் த லாஸ்ட் டைம், அப்பா. இதுக்கப்புறம் நான் புடவை கட்டிட்டு வந்து யார் முன்னாடியும் உட்கார மாட்டேன். ஐ மீன் இட்."

வாஸ்து அங்கிள் பயந்துவிட்டார். பயந்த மனிதர் என்ன செய்வார்? பெண் பார்க்கும் வைபவத்தை டிரெய்லரில் வைத்துவிட்டார்.

"கெழக்கு வாசல், அக்னியில அடுப்பு, ஈசான்யத்துல சாமி. இனி எவன் வேண்டாம்பான்?"

அவர் சம்சாரம் ஆன்ட்டி என்னிடம் போனில், "அண்ணா, இந்த மனுசன் என் மானத்தக் கடல்ல கரைக்காம விடமாட்டாரு. நீங்க வந்து நில்லுங்க" என்றார். என் கடை ஜாங்கிரியும் மிக்சரும் இல்லாமல் எடிசனில் ஒரு கல்யாணம் கூடி வந்ததில்லை. போனேன்.

டாக்டர் நல்ல ஆகிருதி. அவர் சம்சாரம் அதற்கு மேல். கூட வந்த பெரியம்மா இரண்டு பேருக்கும் மேல். வாஸ்து அங்கிள் மூவரையும் வாய் நிறைய வரவேற்று, டிரெய்லரின் கடைக்கோடியில் மேஜைக்குப் பின்னால் இருந்த சோபாவைக் காட்டினார்.

"கன்னி மூலைங்க. அங்க எப்பவும் கனமானதுதான் இருக்கணும். நீங்க மூணு பேரும் அங்கயே உக்காருங்க."

டாக்டர் சம்சாரத்தின் முகம் சுருங்கியது. "கனம்னு யாரைச் சொல்றார் இவர்?" என்று கணவரிடம் கேட்டார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பையனுக்கு உள்ளே இடமில்லை. வெளியே மூக்குப் பக்கம் நின்று ஜன்னல் வழியாகச் சிரித்துவைத்தான்.

இங்கே ஒரு விஷயம். அந்த டிரெய்லருக்கு நடுவில் ஒரே அச்சு, பக்கத்துக்கு ஒரு சக்கரம். பிள்ளைகள் விளையாடுகிற சீசா மாதிரி. அதனால்தான் பின்பக்கம் ஊன்றுவதற்கு இரண்டு இரும்புக் கால் வைத்திருக்கிறான். வாஸ்து அங்கிள் அவற்றை இறக்கவே இல்லை. மண்ணில் கால் இறங்கினால் பள்ளம் விழுமாம். கன்னி மூலையில் பள்ளம் ஆகாதாம்! போதாததற்கு வெட் கிரைண்டரையும் கனத்துக்காக அந்தப் பக்கமே வைத்திருந்தார். பாலம் கட்டுகிற இன்ஜினியர்!

நான் ஜாங்கிரித் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அப்போது என் உடம்பு மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு, சாதாரண உடம்பு இல்லை. டாக்டர் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவ்வளவுதான். டிரெய்லர் பெருமூச்சு விட்டது. பின்பக்கம் மண்ணில் உட்கார, முன்பக்கம் ஆகாயத்துக்குப் போனது. நித்யா கொண்டுவந்த காபி அவளை முந்திக்கொண்டு வந்தது. கிரைண்டர் உருண்டு வந்து மேஜையை நெருக்க, டாக்டர் குடும்பமும் நானும் சோபாவில் பொட்டலம் மாதிரி மாட்டிக்கொண்டோம். பெரியம்மா முருகனை முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டார்.

அடுப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வாஸ்து அங்கிள் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார்.

"யாரும் பயப்படாதீங்க! கெழக்கு கெழக்காத்தான் இருக்கு!"

"யோவ், நான் எங்கய்யா இருக்கேன்?" என்றார் டாக்டர்.

வெளியே கார்த்திக் ஓடிப்போய் அந்தரத்தில் நின்ற இரும்பு மூக்கைப் பிடித்துத் தொங்கினான். ஒல்லிப் பையன். இறங்கவில்லை. நித்யா பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசல் வழியாகக் குதித்து, அவளும் தொங்கினாள். மெல்ல இறங்கியது. இரண்டு பேரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஓடி வந்த டோரத்தி, ஜாக்கி கொண்டுவரும் வரை அசையக் கூடாது என்று அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

போனவள் வருகிற வழியாக இல்லை. உள்ளே நாங்கள் ஜாங்கிரி சாப்பிட்டோம்; வேறு என்ன செய்ய? எழுந்தால் கவிழும். வேறு வழியில்லாமல் வாஸ்து அங்கிள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எவர் வீட்டு மூலையைப் பற்றியும் பேசாமல் இருந்தார். ஆன்ட்டிதான் முன் ஜன்னலிலேயே கண்ணாக இருந்தார். அந்தப் பக்கமிருந்து முதலில் பேச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் நித்யா சிரிக்கிற சத்தம்.

ஒருவழியாக டோரத்தி ஜாக்கியோடு வந்தாள். ஆன்ட்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவளைப் பிடித்துக்கொண்டார்.

"டோரத்தி, ப்ளீஸ், ஸ்லோ. வெரி ஸ்லோ." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "யாரும் எந்திரிக்காதீங்க. பேசிட்டிருக்காங்க" என்றார்.

டாக்டர் சம்சாரம் எட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு ஜாங்கிரி எடுத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. நான்தான் கனம் ஆச்சே!"

தை மாதம் கல்யாணம். பலகாரம் என் கடை. இன்றைக்கும் அந்த லட்டைப் பேசுகிறார்கள். "பாத்தீங்களா, கெழக்கு வாசல்!" என்று வாஸ்து அங்கிள் பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னார். நித்யா கார்த்திக்கோடு கலிபோர்னியா போனாள்.

அடுத்த கோடையில் நான் கேப் மே போனபோது டோரத்தி கேட்டிலேயே மறித்துக் கையைக் குலுக்கினாள். உங்கள் நண்பர் கடைசியில் திருந்திவிட்டார் என்றாள். போய்ப் பார்த்தால் வாஸ்து அங்கிளின் டிரெய்லர் மற்ற எல்லா டிரெய்லரும் மாதிரி, மூக்கு தெற்கே, வாசல் மேற்கே நின்றது. இரும்புக் கால்கள்கூட இறக்கியிருந்தன. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், வாசல் மேக்க இருக்கு?"

"ஆமாங்க."

"அடுப்பு வாயு மூலைக்குப் போயிருச்சே?"

"போவட்டும்."

"அப்ப வாஸ்து?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். திசைகாட்டியை வெளியே எடுக்கவில்லை.

"கலிபோர்னியா அந்தப் பக்கந்தானேங்க, கடைக்காரரே."

அவரிடம் வாதம் பண்ணி ஜெயிக்க எனக்கு அன்றைக்கு நல்ல வாய்ப்பு. நான் இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் மேற்கே பார்த்துப் போட்டுக்கொண்டேன். அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க வேண்டிய கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பவில்லை.