விசா பாயும் ஒரு காலிக் கட்டமும்

உலகத்தில் எந்த நாட்டுக்குள் எப்படி நுழையலாம் என்பதை ஏற்காட்டில் முழுதாகத் தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் விசா பாய்தான். அவர் எந்த நாட்டுக்கும் போனதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பார், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவார். பாஸ்போர்ட்டை நகலெடுக்கக் கொடுத்தீர்களோ, மாட்டினீர்கள். நகல் வராது, விசாரணை வரும். எந்த நாடு? எந்த ஊர் வழியாக? எத்தனை நாள்? கடைசியாக, "ஏனுங்க, எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?" சேலத்துக்குப் பல் பிடுங்கப் போகிறவரைக்கூட அதைக் கேட்காமல் பஸ் ஏற விடமாட்டார்.

ஒரு சமயம் ஏரி பார்க்க வந்த புதுமாப்பிள்ளை ஒருவர், அடுத்த வாரம் தாய்லாந்து போகிறோம் என்று பாஸ்போர்ட்டை நீட்டினார். பாய் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது முடிய இன்னும் நாலு மாசந்தானுங்க இருக்குது. ஆறு மாசம் வேணுமுங்க" என்றார்.

"நான் பத்தே நாள்ல திரும்பி வந்துருவேங்க!"

"அது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்டுக்காரனுக்குத் தெரியுமா?"

புதுப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் தேனிலவு அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் 'விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகள்' என்று பட்டியல் வந்தால் பாய்க்கு ரத்தம் கொதிக்கும். "வாட்ஸ்அப்ல விசா குடுக்கறதில்லீங்க! அந்தந்த நாட்டு சைட்ல பாருங்க. அதையும் இன்னைக்குப் பாருங்க. நேத்து பாத்தது நேத்தைக்கு!" என்பார்.

நம் பாஸ்போர்ட்டின் தராதரத்தை அவரைப் போல விளக்க ஆளில்லை.

"நம்முளுது நடுவாந்திரமுங்க. மொதப் பந்தியும் இல்ல, கடைசிப் பந்தியும் இல்ல. சில ஊட்டுக்கு நேராப் போயி உக்காந்துக்கலாம். சில ஊட்டுல வாசல்ல நின்னு பேரச் சொன்னா உள்ள உடுவாங்க. மிச்ச ஊட்டுக்கெல்லாம் முன்னாலயே ஆளனுப்பிக் கேட்டுக்கோணும். சில பேரு, அவிய கொல்லப்பக்கமாத் தாண்டிப் போறதுக்கே கேக்கோணும்பாங்க. அதுதானுங்க டிரான்சிட்டு."

போட்டோவிலும் அதே கறார். சிரிக்கக்கூடாது, காது ரெண்டும் தெரிய வேண்டும், பின்னால் வெள்ளைத் துணி. தன் மச்சினன் மகள் கல்யாணத்தையும் அவரேதான் எடுத்தார். அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் போலீஸில் பிடிபட்டவர்கள் மாதிரி இருப்பார்கள்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, சின்னப்பொண்ணு விஷயம் வரும்வரை.

சின்னப்பொண்ணுவுக்கு ஊர் வாழவந்தி. நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காப்பி எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். புருஷன், மகள் பிறந்த மாதமே ஓடிப்போனவன். அந்த மகளை ஒற்றை ஆளாக நர்ஸுக்குப் படிக்க வைத்தார். மகள் துபாயில் வேலை, அங்கேயே கல்யாணம், இப்போது தலைப்பிரசவம். ரத்த அழுத்தம் ஏறி டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கோ ஷிப்ட் வேலை. அம்மா போயே ஆகவேண்டும்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான். எஸ்டேட்டில் முப்பது வருஷம் செக்ரோல் எழுதிய கை. தினமும் ஆட்களின் வருகையைப் பதியும் அந்தப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பேர்தான். அதே கணக்கில் 'சின்னப்பொண்ணு' என்று எழுதி, குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டேன். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் வந்தது. சேலத்து ஏஜெண்ட் ஒருவர் விசா எடுத்து டிக்கெட்டும் போட்டார். பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, நகலெடுக்க இருவரும் பாய் கடைக்குப் போனோம்.

பாய் பாஸ்போர்ட்டைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"இதுல ஒத்தப் பேருதானுங்க இருக்குது. விசிட் விசாவுல ஒத்தப் பேரோட போனா ஏர்போர்ட்லயே நிறுத்திப்போடுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறது, சில சமயம் விட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"சில சமயத்த நம்பிப் பிரசவம் பாக்கப் போவாங்களா?" என்றார் பாய்.

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். என் எழுத்தில் குற்றம் என்றதும் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "யோவ், நீ என்னைக்காவது பிளேன் ஏறியிருக்கியாய்யா?" என்று கத்தினேன்.

பாய் கோபப்படவில்லை. "இல்லீங்க. நான் ஏறலீங்கறதுக்காக அவிய எறங்கோணுமா?"

சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரைட்டரய்யா, சண்ட வேண்டாமுங்க. எம்புள்ள பொறந்தப்ப எம்பக்கத்துல ஆரும் இல்லீங்க. அவளுக்கும் அப்புடி ஆகப்படாதுங்க. பாய், என்ன பண்ணோணுமோ பண்ணுங்க."

பாய் டிக்கெட்டைத் தள்ளிப் போடச் சொன்னார். பிரசவத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. இரண்டாவது பெயராகப் புருஷன் பெயரை எழுதலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"அந்தாளு பேரா? அதச் சொமந்துக்கிட்டுப் போறதுக்கு நடந்தே போயிக்கறேனுங்க!"

அப்பா பெயர் முடிவானது. சடையன். பிறந்த ஊரான வெள்ளக்கடையைத் தாண்டினால் சேர்வராயன் கோயில் திருவிழா, அதை விட்டால் ஆஸ்பத்திரி, வேறெங்கும் போகாத மனுஷர்.

மறுநாளிலிருந்து பாய் கடைக்குப் பூட்டு. சின்னப்பொண்ணுவைக் கூட்டிக்கொண்டு ஆதார் திருத்த ஒரு நாள், உறுதிமொழிப் பத்திரத்துக்கு ஒரு நாள், பாஸ்போர்ட் ஆபீஸுக்கு இரண்டு நாள் என்று மலையிறங்கி மலையேறினார். கொண்டை ஊசி வளைவுகளில் பாய்க்கு வாந்தி வரும். கையில் எலுமிச்சம்பழம், மடியில் ஃபைல். நான் வெட்கத்தோடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில், "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள்.

"ஜெராக்ஸ்காரருங்க" என்றார்.

புதுப் பாஸ்போர்ட் வந்தது. அந்த எண்ணுக்குப் புது விசா வந்தது. பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கையில் கோயம்புத்தூர் விமான நிலையத்து வாசலில் மூன்று பேரும் நின்றோம். சின்னப்பொண்ணு உள்ளே போனார். பாய் கண்ணாடிக்கு வெளியே நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"பாய், உட்டுட்டாங்க! மொதக் கேள்வியே ரெண்டாவது பேரு என்னம்மான்னுதானுங்க. எங்கப்பன் பேரச் சத்தமாச் சொன்னேன்!"

பாய் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். நான் அவர் கையைப் பிடித்து, "தப்பு என்மேலதாங்க பாய், மன்னிச்சிருங்க" என்றேன். அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. மேலே போகும் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு விமானம்.

எட்டாம் நாள் பேத்தி பிறந்தாள். வலி எடுத்ததிலிருந்து கடைசிவரை மகள் அம்மாவின் கையை விடவில்லையாம். சேதி சொல்ல ஓடினேன். பாயின் முதல் கேள்வி, "கொளந்தைக்கு ரெண்டு பேரு எழுதுனாங்களா?" அதற்கப்புறம்தான் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

எனக்கு எந்த நாட்டுக்கும் போகிற உத்தேசம் இல்லை. மாதம் ஒருமுறை சேலத்துக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்ப்பதோடு சரி. பஸ் என் வீட்டு முக்கிலேயே நிற்கும். ஆனாலும் பஸ் ஸ்டாண்டுவரை நடந்துபோய் அவர் கடை முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறேன்.

"ஏனுங்க ரைட்டரே, எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?"

அதை அவர் கேட்டால்தான் எனக்குப் பஸ் ஏற மனசு வருகிறது.