மாடி டெர்மினலில் எழுத்துகள் காணாமற்போவது குறித்து

திருச்செங்கோடு,
பிப்ரவரி 1988

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை வேலுமணி அவர்களுக்கு, மருதாசலம் எழுதுவது.

இங்கு நான் நலம். ராய்ப்பூர் கேம்ப்பில் நீங்களும் துளை போடும் ரிக் வண்டிகளும் நலமென்பதை, டிரங்க் காலில் உங்கள் மேனேஜர் மயில்சாமி போட்ட கூச்சலின் வலிமையைக் கொண்டு ஊகித்துக்கொண்டேன். நலம் விசாரிப்பது இத்துடன் முடிகிறது. இனி வருவது புகார்.

உங்கள் அக்கா கண்ணாத்தாள் காலமான பின், "ஊட்ல ஒத்தையா உக்காந்து செவுத்தப் பாத்துட்டு இருக்காதீங்க மாமா, நம்ம ஆபீசுக்கு வந்து ஸ்டாக்கைப் பாருங்க" என்று அழைத்தவர் நீங்கள். கல்லூரியில் புள்ளியியல் போதித்து ஓய்வுபெற்ற ஒருவன், போர்வெல் கம்பெனியின் மாடியறையில் சுத்தியல்களையும் பாறை குடையும் பிட்டுகளையும் எண்ணச் சம்மதித்தது அந்த அழைப்பிலிருந்த மரியாதைக்காக. கீழே குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர் என்னும் பெரிய பெட்டி ஒன்று. அதிலிருந்து மாடிக்கு ஓர் ஒயர். ஒயரின் நுனியில், திரையும் விசைப்பலகையுமாக ஒரு டெர்மினல். டெர்மினலின் நுனியில் நான். மழைக்காலம் முடிந்து வண்டிகள் வடக்கே கிளம்பிவிட்டால் ஆபீசில் எரியும் திரைகள் இரண்டே. மேலே என்னுடையது. கீழே, கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ள இளம்பிள்ளையிலிருந்து நீங்கள் கொண்டுவந்து வைத்திருக்கும் கந்தப்பனுடையது.

பொங்கல் கழிந்ததும் என் எழுத்துகள் காணாமற்போகத் தொடங்கின. விசையை அழுத்துவேன், எழுத்து வராது. அடுத்ததை அழுத்துவேன், வரும். கோளாறு என்னுடையதென்றே முதலில் கொண்டேன். படித்தவன் பழியை முதலில் தன்மீதுதான் போட்டுப் பார்ப்பான். சேலம் சென்று கண்ணாடியை மாற்றினேன். புதுக் கண்ணாடியில், எழுத்து வராதது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிறகு நரம்பு டாக்டரிடம் விரல்களை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுல பேச்சுத்துணைக்கு யாரு இருக்காங்க?" என்றார். விரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அடுத்ததாக எலக்ட்ரீசியன் அங்கமுத்து வந்தான்; விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சாமியாடுகிறவனைப்போல உலுக்கினான்; அதிலிருந்து நிலக்கடலைத் தோல் உதிர்ந்தது. "பாத்தீங்களா, எலியுங்க! ராவுல வந்து உக்காந்து தின்னுருக்குதுங்க!" என்று தீர்ப்பளித்தான். கடலை தின்றவன் நான் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே மாடியறையில் மசால் வடையோடு எலிப்பொறி வைக்கப்பட்டது. அதில் இதுவரை அகப்பட்டது என் வலக்கால் கட்டைவிரல் மட்டுமே.

இவ்வளவையும் பொறுத்தேன். ஆனால், உங்கள் கேம்ப்புக்கு அனுப்ப நான் அடித்த பிட்டுகளின் எண்ணிக்கை வழியில் ஒரு பூஜ்யத்தைத் தொலைத்தது. நூற்றிருபது போகவேண்டிய இடத்துக்குப் பன்னிரண்டு போய், பாறை நடுவே வண்டி நின்றது. மயில்சாமி டிரங்க் காலில் வந்து, "ஏனுங்க, மாடில உக்காந்து தூங்கறீங்களா? இந்தப் பன்னெண்ட வெச்சு நான் பாறைக்குப் பொட்டா வெக்கறது?" என்று கேட்டான். ஆபரேட்டர் அம்மாள் உட்பட ஊரே கேட்டது. என் ஆயுளில் எவனும் என்னை அப்படிக் கேட்டதில்லை, மாப்பிள்ளை. தூங்கியது நானல்ல என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

மறுநாள் தேநீருக்காகக் கீழே இறங்கியவன் குளிரறைக் கதவைத் திறந்தேன். கந்தப்பன் கால்மேல் கால் போட்டுத் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கிடந்தன, காணாமற்போன என் எழுத்துகள் அத்தனையும், வரிவரியாக. அந்தப் பூஜ்யமும் அங்கேதான் இருந்திருக்கும்.

"கந்தப்பன், இது என்ன?"

எழுந்தே நின்றுவிட்டான். "அதுங்க... உங்க டெர்மினலுங்க."

"என் டெர்மினல் மாடியில் இருக்கிறது."

"ஆமாங்க. அதுலருந்து கொஞ்சம் இங்க வருதுங்க."

விசாரித்ததில் தெரிந்தது இது. அதிகாரம் உள்ளவன், இன்னொருவனுடைய டெர்மினலின் பெயரைச் சொல்லி ஒரு வரிக் கட்டளை கொடுத்தால், அவன் தட்டுவதைத் தன் இடத்திலிருந்தே பார்க்கலாமாம். ஆனால் கந்தப்பன் பிடித்த வழி அரைகுறை. இரண்டு பேர் ஒரே குழாயில் குடம் வைத்ததுபோல், நான் தட்டும் எழுத்தில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு.

"இங்க வர்ற எழுத்து அங்க வராதுன்னு எனக்கும் போன வாரந்தானுங்க தெரிஞ்சுது," என்றான்.

"தெரிந்த பிறகுமா?"

"மொதலாளி சொன்னத எப்படிங்க உடறது? மாமா மாடில தனியா என்ன பண்றாருன்னு தினம் பாத்து வெச்சு, போன் பண்றப்பச் சொல்லுன்னாருங்க."

"படியேறி வந்து பார்ப்பதற்கு என்ன?"

தலையைச் சொறிந்தான். "வந்தா உக்கார வெச்சுப் பாடம் எடுக்கறீங்க. அன்னைக்கு நிகழ்தகவுன்னு ஆரம்பிச்சீங்க, எனக்கு மத்தியானச் சோறே போச்சுங்க."

"சரி. இதுவரை என்ன பார்த்தாய்? முதலாளியிடம் என்ன சொன்னாய்?"

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது? கம்ப்யூட்டருல யாரு யாரு இருக்காங்கன்னு கேக்கறீங்க. ரெண்டு பேரைச் சொல்லுது. சித்த நேரங்கழிச்சு மறுபடியும் கேக்கறீங்க. அதே ரெண்டு பேரு. சாயங்காலம் வரைக்கும் அதாங்க."

மாப்பிள்ளை, இதற்கு விளக்கம் தரக் கடமைப்பட்டுள்ளேன். இயந்திரத்தில் அந்நேரம் அமர்ந்திருப்பவர்களின் பெயர்களைக் கேட்டறியும் கட்டளை எவரும் கொடுக்கத்தக்கது. அது வேவு ஆகாது. பொறுப்புள்ள ஓர் அலுவலர் கைக்கொள்ளும் நிர்வாக முன்னெச்சரிக்கை. மதியத்துக்குமேல் மாடியில் வேலை குறைவு. ஆகவே முன்னெச்சரிக்கை சற்றுக் கூடுதலாக இருந்திருக்கலாம். உங்கள் அக்கா இருந்தவரை, அடுப்படியில் ஏதாவது ஒரு பாத்திரம் உருண்டுகொண்டே இருக்கும். ஆள் இருக்கிறதா என்று நான் கேட்க நேர்ந்ததில்லை. இது விஷயத்துக்குப் புறம்பானது. நிற்க.

பெண் கொடுத்த வீட்டார் என்னைக் கேட்க விரும்பினால் என்னிடமே கேட்டிருக்கலாம். மாதம் ஒருமுறை போன் செய்கிறீர்கள். அதையும் கந்தப்பனுக்குச் செய்கிறீர்கள். ஆகவே என் கோரிக்கை: கந்தப்பனைக் குளிரறையிலிருந்து நீக்கி வேறு வேலைக்கு மாற்றவும். பூஜ்யத்தைத் தின்றது யார் என்று மயில்சாமிக்கு உங்கள் வாயாலேயே சொல்லவும். அந்தக் கட்டளையை இனி எவரும் என்மீது ஏவக்கூடாது. இன்றே நிறுத்தச் சொன்னேன், நிறுத்திவிட்டான். உங்கள் பதில் வரத் தாமதமானால் மாடிச் சாவியை அங்கமுத்துவிடம் கொடுத்துவிட்டு மேச்சேரிக்கே திரும்பிப் போய்விடுவேன். அங்கே எனக்கு வீடு இருக்கிறது. அதில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் வீட்டில் வசந்தாமணிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். துளை போடும் இடமெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பீறிட்டு வரட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ச. மருதாசலம், எம்.எஸ்ஸி.

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் சில நாட்கள் மேசையிலேயே வைத்திருந்தேன். இப்போது தட்டும் எழுத்தெல்லாம் தவறாமல் வருகிறது. மத்தியானத்தில் முன்னெச்சரிக்கையாகப் பெயர்களைக் கேட்டால் என் பெயர் ஒன்றே வருகிறது. கீழே போய் விசாரித்தேன். "என் பேரைப் பாத்தாக் கோவம் வருமேன்னு டெர்மினலை அணைச்சே போட்டுட்டேனுங்க," என்கிறான் கந்தப்பன். ஆகையால் மேற்கண்ட கோரிக்கைகளை ரத்தாகக் கொள்ளவும். கந்தப்பன் அதே அறையில் இருக்கட்டும். வழக்கம்போல என்னைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு அவனுக்குப் போனில் கண்டிப்பாக உத்தரவிடவும். நான் சொன்னதாகத் தெரியவேண்டாம். எழுத்துகள் போனால் போகட்டும், நான் இரண்டு முறை அடித்துக்கொள்கிறேன்.