கருவாட்டுக்கும் மூச்சு வேண்டும்

கப்பல்துறையில் கல் அள்ளும் வேலை நின்றுபோனதால், கண்டி வீதி வழியே திருகோணமலைக்கு நடந்துகொண்டிருந்தேன். இரண்டு நாளாக வயிற்றில் தண்ணீர் மட்டும். அப்படித்தான் ஓலையண்ணையிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்திருக்கின்றன. அவரைப் போல ஒரு மனிதரை எந்தக் கப்பலும் இறக்கியதில்லை.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் புதிதாகத் திறந்த கடை அது. சாமான்களை நாமே எடுத்துக் கூடையில் போடலாம். பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் எல்லாம் பொலித்தீன் பைக்குள் மினுங்கின. கருவாட்டுப் பகுதி மட்டும் ஓலையண்ணையின் இராச்சியம். அங்கே எல்லாம் குட்டான்கள், பனையோலையில் இழைத்த சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் தணலில் காட்டி, மூக்கை உள்ளே விட்டு மணந்த பிறகுதான் கருவாடு போடுவார். வாங்குகிறவர் கையையும் மணப்பார் என்று ஊரில் கதை. நான் நம்பவில்லை. ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்க உள்ளே போனதும் என் கையை மணந்தார்.

அந்த நேரம் சுகாதாரப் பரிசோதகரும் வந்திருந்தார். ஓலையில் பூச்சி இருக்கும், எல்லாம் பைக்குள் போகவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை மூடவேண்டும் என்பது ஏழு நாள் முன்பு அவர் போட்ட கட்டளை. மூடினால் ஓலையண்ணைக்கு வேலை போய்விடும். அதனால் ஒரு கிழமைத் தவணை கேட்டு, ஒரே சீலாக் கருவாட்டைப் பாதி பையிலும் பாதி குட்டானிலும் கட்டி, பரிசோதகர் கையாலேயே முத்திரை வைப்பித்திருந்தார். அன்று பிரிக்கிற நாள். ஆனால் பரிசோதகருக்குத் தடிமல் பிடித்து மூக்கு அடைத்திருந்தது, எதையும் மணந்து பார்க்க முடியாது. ஓலையண்ணையின் மூக்கை முதலாளி ஏற்கவில்லை.

ஓலையண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் எப்ப சாப்பிட்டனீர்?"

"முந்தநாள்."

"ஐயா, இவர் இப்ப கல்லைக் குடுத்தாலும் தின்னுவார். இவரே வேண்டாமெண்டால் அது சாப்பாடில்லை. சரியோ?"

பரிசோதகர் ஓம் என்றார்.

பையைப் பிரித்தார்கள். உள்ளே வேர்த்து, பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. லொறித் தட்டில் சிந்திய சோற்றையும் அள்ளித் தின்றவன் நான். சவர்க்காரத் தட்டு வரைக்கும் பின்வாங்கினேன். குட்டானைப் பிரித்தார்கள். யாரும் கேட்கும் முன்பே ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துவிட்டேன்.

"ஒரு கிழமை மூச்சு விடாட்டி நீங்களும் இப்பிடித்தான் மணப்பியள்" என்றார் ஓலையண்ணை, மரியாதையாக.

பரிசோதகர் தும்மிவிட்டுக் கேட்டார்: "அப்ப பச்சை மீனையும் ஓலையில குடுப்பீரோ?"

"அது வடியுமெல்லோ ஐயா. அதுக்குப் பைதான் வேணும். நான் என்ன விசரனோ?"

அதுவரை அவரை விசரன், பைத்தியம் என்றே அழைத்த கடை முழுவதும் குட்டானை மணந்து பார்க்க நெருங்கி வந்தது. பச்சை மீனுக்குப் பை, தணலில் காட்டிய குட்டான் கருவாட்டுக்கு என்று பரிசோதகர் எழுதிக் கையெழுத்து வைத்தார். செத்தல் மிளகாயையும் ஓலைக்கு மாற்றுவோம் என்றார் முதலாளி.

ஓலையண்ணை அந்தச் சீலாவையே பொரித்து எனக்குச் சோறு போட்டார். தான் சாப்பிடாமல், நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த ஊரிலும் ஒரு மாதம் தரிக்காதவன் நான். மறுநாள் காலை அவருக்குப் பக்கத்தில் குந்தி, குட்டான்களைத் தணலில் காட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் இருந்தவரைக்கும் அந்த வேலையை விடவில்லை.