ஜெயராஜை அழுத்தினால் நாகையா

"மாரிஸ், என்னப்பா செஞ்சு வச்சிருக்க? ஜெயராஜை அழுத்துனா நாகையா வர்றானாம்!"

தொலைபேசியில் மகதலேனா ஆன்டி போட்ட சத்தம் மாரிஸின் அலுவலகம் இருந்த பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடி முழுக்கக் கேட்டது. அவருடைய திருமணத் தகவல் நிலையத்துக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவன் மாரிஸ். தொண்ணூற்றொன்பதில் அது பெரிய புதுமை. மாப்பிள்ளைகளின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பிடித்த முகம் வரும்போது பொத்தானை அழுத்தினால், அந்த மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவல் போகும்.

திரையில் நிற்பது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க அவன் முதலில் எழுதியது நாற்பது வரி நிரல். ஒவ்வொரு படத்தையும் கூப்பிட்டு, 'நீயா? நீயா?' என்று விசாரிக்கும். ஓடுகிற படத்தின் எண்தான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே என்று, போன வாரம் அத்தனையையும் அழித்து ஒரே வரியாக்கியிருந்தான்.

"கிள்ளான் மரியநாயகம் மகளுக்குக் கேட்டது பேங்க் ஆபீசர் ஜெயராஜை. நாகையா குடும்பமே தட்டோட அவரு வீட்ல போய் இறங்கிடுச்சு! சனிக்கிழமை உன்னைத் தேடி வர்றாரு லா. சட்டையைப் பிடிக்கத்தான்!"

"ஒரு நம்பர் தள்ளியிருக்கும் ஆன்டி." பதறிப்போய், சோதித்துக்கூடப் பார்க்காமல் படத்தின் எண்ணில் ஒன்றைக் கழித்தான்.

மறுநாள் மறுபடி ஆன்டி. "இப்ப ஜெயராஜை அழுத்துனா தம்புசாமி வர்றாரு! ரெண்டாம் தாரம் தேடுறவரு!"

பழைய நாற்பது வரியையும் சேர்த்து ஒட்டினான். ஓர் அழுத்தலுக்கு இரண்டு வீட்டுக்குத் தகவல் பறந்தது. செமினியில் ஒரு பெண் வீட்டு வாசலில் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

வெறுத்துப்போய் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த ஒற்றை வரியை மட்டும் திரும்பப் போட்டுச் சோதித்தான். ஜெயராஜை அழுத்தினால் ஜெயராஜ். நாகையாவை அழுத்தினால் நாகையா. போன வாரம் எழுதிய அதே வரிதான்; அப்படியானால் முதலில் தப்பியது எது?

அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. மாடிப்படியில் மரியநாயகம்! பின்னால் மகள் உர்சுலா.

"மன்னிச்சிருங்க அங்கிள், கம்ப்யூட்டர்ல..."

"அட விடுங்க தம்பி!" அவர் சிரித்தார். "ஜெயராஜை அழுத்தும்மான்னு நான் தெளிவாத்தான் சொன்னேன், இவளும் அழுத்துனா. வந்து நின்னது வேற ஆளு. வந்தவங்களை விரட்டவா முடியும்? டீ குடுத்துப் பேசுனா, பையன் தங்கம்! செலாயாங்ல சொந்த ஒர்க்‌ஷாப். நிச்சயம் பண்ணிட்டோம். எல்லாம் மாதா செயல். நன்றி சொல்லத்தான் வந்தேன்."

மாரிஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பெரியவர் இறங்கிப் போனார். உர்சுலா மட்டும் வாசலில் தயங்கி நின்று, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, உங்க கம்ப்யூட்டர் மேல ஒரு தப்பும் இல்ல. நாகையா படம் வர்ற வரைக்கும் காத்திருந்துதான் அழுத்துனேன். அவரை ஆன்டிகிட்ட பேரு குடுக்கச் சொன்னதே நான்தான்."