டூபாவுக்குள் ஓர் ஆறு

மூன்றாவது பாட்டின் நடுவிலேயே நிகானோருக்குக் கண் சொக்கத் தொடங்கியது.

கொடுக்காப்புளி மரத்தடியில் கல்யாணக் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மதிய வெயில் புழுதியில் மெத்தென்று படுத்துக் கிடந்தது. டூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தைத் தோளைச் சுற்றி மாட்டிக்கொண்டு நிகானோர் கண்ணை மூடினால் போதும், ஓர் ஆறு வந்துவிடும். ஆற்றில் ஒரு படகு. துடுப்பு தண்ணீரில் விழும்போதெல்லாம் டூபாவிலிருந்து ஒரு 'பூம்' விழும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

இன்று அந்த ஆறு வரக்கூடாது. பாண்டா என்கிற அவர்கள் வாத்தியக் குழுவின் தலைவன் ருத்திலியோ, நிகானோரின் மனைவிக்கு அண்ணன். காலையில் வண்டி ஏறும்போதே அவன் சொல்லிவிட்டான்:

"ஊரே சிரிக்குது மாப்ள. இன்னிக்கு ஒருதரம் கண்ணு மூடுச்சுன்னா, டூபாவைக் கழட்டி வெச்சுட்டுப் போயிடு. மசாத்லான் பட்டணத்துல வேற ஆளு பார்த்து வெச்சிருக்கேன்."

டூபா இல்லாத தோளை நிகானோரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் சமையல் கொட்டகைக்கு ஓடி, நான்கு குவளை கடுங்காப்பி குடித்தான். தூக்கம் அசையவில்லை, விரல்கள்தான் நடுங்கின. மெதுவாக ஆட வேண்டிய வால்ஸ் பாட்டு ஓட்டமெடுத்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் நிற்கத் தெரியாமல் சுழன்று பந்தல்காலைக் கட்டிக்கொண்டார்.

தம்போரா முரசடிக்கும் எவாரிஸ்தோ ஒரு வைத்தியம் சொன்னான். அதன்படி நிகானோர் இரண்டு காட்டுமிளகாயை நாக்கடியில் ஒதுக்கினான். உதடு பணியாரமாக வீங்கியது. டூபா கன்றைத் தொலைத்த பசுவாகக் கதறியது.

"யாரு செத்துட்டாங்க மாப்ள?" என்றான் ருத்திலியோ, கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே.

கடைசியில், பியர் புட்டிகள் மிதந்த வாளி ஐஸ் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான் நிகானோர். கண்கள் அகலத் திறந்துகொண்டன. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, ஆடுகிற கால்களைப் பார்த்தான். புழுதி மேகத்தில் நூறு செருப்புகள் மிதந்தன. அழகாகத்தான் இருந்தன. எந்தச் செருப்புக்கு வாசிப்பது என்றுதான் விளங்கவில்லை. கால்களைப் பார்த்து அவன் வாசித்தான். அவனைக் கேட்டுக் கால்கள் ஆடின. ஒன்றுக்காக ஒன்று காத்துக் காத்து, கடைசியில் எல்லாமே நின்றுபோயின.

கல்யாணப்பெண் ஒப்துலியா பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நேரே பாண்டாவை நோக்கி வந்தாள். நிகானோர் யாரும் சொல்லாமலே டூபாவைக் கழற்றத் தொடங்கினான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ருத்திலியோவிடம் திரும்பினாள்.

"அண்ணே, எங்க அக்கா கல்யாணத்துல தூங்கிக்கிட்டே வாசிச்சாரே, அவரு வேணும்னுதானே அப்பா உங்களைக் கூப்பிட்டாரு? இந்த முழிச்சுக்கிட்டிருக்கிற ஆளை யாரு கூட்டிட்டு வந்தது?"